காப்பு கட்டிய வாரம்

மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டுப் பள்ளிக்கூடத்தில் கர்ப்பவாய்ப் புற்று பார்க்க, பெண்களுக்கு மட்டும் கேம்ப் போட்டார்கள். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்த சமயம். நானும் என் ஓரகத்தியும் போனோம். எங்கள் புருஷன்மார் அண்ணன் தம்பி. ஒரே வீடு, ஒரே அடுப்பு.

நர்சம்மா ஒரு பாட்டிலைக் காட்டினார். கர்ப்பவாயில் தடவிப் பார்ப்பார்களாம். புளிப்பு வாடை அடித்தது.

"ஊறுகாய்க்கு ஊத்துறாங்களே, அதுதானுங்க. வலிக்காது."

"ஏனுங்க, என்னை ஊறுகா போடப் போறீங்களா?" என்றாள் ஓரகத்தி. வரிசையே சிரித்தது.

எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்குத் தடவிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது.

"இப்ப இது புத்து இல்லீங்க. விட்டா ஆயிரும். அந்த எடத்தைக் குளிரவெச்சுப் போக்குற மிஷின் கீழ ஆசுபத்திரியில இருக்குது. வெள்ளிக்கிழமை வந்துருங்க. சாயங்காலம்தான் வெப்பாங்க. ராத்திரி தங்கோணும்."

கேம்ப் நடந்த அன்றைக்கே ஊரில் மாரியம்மன் நோன்புக்குக் காப்பு கட்டினார்கள். மஞ்சள் கயிறு ஏறியது அவள் புருஷன், என் கொழுந்தனார் கையில். காப்பு கட்டினால் நோன்பு முடியும்வரை யாரும் வெளியூரில் ராத்தங்கக் கூடாது.

"அவளைக் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்றேன்.

"காப்புக் கட்டுனவன் பொண்டாட்டி வெளியூர்ல படுத்தா ஊரு என் மூஞ்சியில துப்பும் அண்ணி. நோம்பி கழியட்டும். வலிக்குதான்னு அவளையே கேளுங்க."

"வலி இல்லீங்க" என்றாள். வலி இல்லைதான்.

நோன்பு கழிந்து அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து ஆசுபத்திரி போனோம். மிஷின் வேறு ஊருக்குப் போயிருந்தது. எப்போது வரும் என்று சொல்ல ஆளில்லை. திரும்பும்போது மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்தாள்.

"இனி என்னைக் கூப்புடாதீங்க அக்கா."

பிறகு நானும் கூப்பிடவில்லை. கிழங்கு பிடுங்கினோம். மிளகு பறித்தோம். சில வருடம் போனது.

ரத்தம் போனதை மறைத்தாள். துணியை ஓடையில் தனியாகத் துவைத்தாள். நாற்றத்தை மறைக்க முடியவில்லை. கீழே பெரிய ஆசுபத்திரியில் படுக்க வைத்தார்கள். அப்போது ஊரில் காப்பு இல்லை. எத்தனை ராத்திரி வேண்டுமானாலும் தங்கலாம். தங்கினோம். பிணமாகத்தான் மேலே கொண்டுவந்தோம்.

அடுத்த கேம்ப்புக்கு முன்னால் நர்சம்மா எங்கள் வீட்டுக்கே வந்தார். ஓரகத்தி படத்தைப் பார்த்தார். காப்பையும் மிஷினையும் பற்றிச் சொன்னேன்.

"நோம்பி எப்பங்க? அதுக்கு முன்னயே வாரோம். மிஷினையும் ஜீப்புல ஏத்திட்டு வாரோம்."

வந்தார்கள். இந்தத் தடவை எனக்கு வெள்ளையாகத் தெரிந்தது. அங்கேயே படுக்க வைத்துக் குளிரவைத்தார்கள். அடிவயிறு கொஞ்சம் இழுத்தது. சாமை வேகும் நேரம்கூட ஆகவில்லை.

நடந்தே வீட்டுக்கு வந்தேன். உலை வைத்தேன். கொழுந்தனாருக்கும் சேர்த்துத்தான்.