எஞ்சினியர் வீட்டுச் சம்பந்தம்

சாய்ந்தமருதில் பிரிஜ் குளிரவில்லையென்றால் ஜுனைட்டைத்தான் கூப்பிடுவார்கள். வோஷிங் மெஷின் சுற்ற மறுத்தாலும் அவர்தான். வேலை சுத்தம், வாய்தான் கொஞ்சம் பெரிசு. கடைப் பலகையில் 'பொறியியலாளர் எம். ஜுனைட், கட்டார் அனுபவம்' என்று எழுதி வைத்திருந்தார். கட்டார் நாட்டில் இருந்தது உண்மை. அங்கே எஞ்சினியர்மாருக்குப் பின்னால் கருவிப்பெட்டி தூக்கிக்கொண்டு நடந்ததும் உண்மை. மிச்சத்தை அவரே சேர்த்துக்கொண்டார். துண்டுப்பிரசுரத்தில் மஞ்சள் தலைக்கவசத்தோடு நிற்பார். பின்னால் ஒரு கண்ணாடி மாளிகை. அந்த மாளிகையில் அவர் பூட்டியது ஏசித் தண்ணீர் வடியும் குழாய் மட்டுமே.

அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. எதிர்க்கடை அஸ்கி தன்னை 'ஸ்பெஷலிஸ்ட்' என்று போட்டிருக்கும்போது, வெறும் ஜுனைட் என்று எழுதினால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? ஊராருக்கும் விஷயம் தெரியும். 'எஞ்சினியர் காக்கா' என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவார்கள். அதில் பாதி கேலிதான். மனிதருக்கு அந்தக் கேலியும் இனித்தது.

மகள் ஹிமாயாவுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியபோதுதான் வினை வந்தது. அவள் பாலர் பாடசாலை ரீச்சர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை தேடிப் போக வேண்டும். பிறகு இரண்டு பக்கத்தாரும் பள்ளிவாசலடியிலும் தேநீர்க் கடையிலும் மெல்ல விசாரிப்பார்கள். விசாரிக்காமல் யாரும் நாள் குறிப்பதில்லை.

தரகர் முகம்மது தம்பி கோமாரியில் ஒரு மாப்பிள்ளை இருப்பதாகத் தன் போனை நீட்டினார். வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புமாக ஒரு பொடியன் சிரித்தான்.

"பேர் ஸஜாத். டொக்டர். பொத்துவில்ல சொந்தமா இடம் போட்டு நடத்துறார்," என்றார்.

ஜுனைட்டின் மனைவி நபீலா அகப்பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். தரகர் பதிலுக்குக் கோமாரிக்கு அனுப்பியது ஜுனைட்டின் மஞ்சள் தலைக்கவசப் படத்தை.

"கோமாரிக்குப் போய் ஒருக்கா விசாரிச்சிட்டு வாங்களன்," என்றாள் நபீலா.

ஜுனைட் கணக்குப் போட்டுப் பார்த்தார். இவர் அங்கே போனால் அவர்கள் இங்கே வருவார்கள். அஸ்கியிடம் கேட்டால் போதும், கதை கந்தலாகிவிடும். "நல்ல மனிசரப் போய் விசாரிக்கிறது மரியாதயில்ல புள்ள," என்று சொல்லிவிட்டார். கோமாரியிலிருந்தும் அதே மறுமொழி வந்தது: எங்களுக்கும் விசாரணை தேவையில்லை. "பாத்தியா, படிச்ச ஆக்கள்ர பெருந்தன்மைய!" என்று ஜுனைட் உருகிப்போனார்.

ஹிமாயா உருகவில்லை. மாப்பிள்ளையின் படத்தை அவள் தன் போனில் திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதை நபீலா கண்டிருக்கிறாள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் கடைக்கே வந்து கேட்டாள்.

"நீங்க எஞ்சினியர் இல்லயெண்டு அவங்களுக்குத் தெரியுமா வாப்பா?"

"நிக்காஹ் முடியட்டும் மகள். பொறகு சொல்லிக்கலாம்."

"பொறகு ஒவ்வொரு நாளும் நான்தானே அவர்ர முகத்தப் பாக்கோணும்? இந்த மாப்பிள்ள எனக்குப் புடிச்சிரிக்கி. அதாலதான் கேக்கன். நீங்க சொல்லுங்க, இல்லாட்டி நான் சொல்லுவன்."

குரலை உயர்த்தத் தெரியாத பிள்ளை. கண் கலங்கியிருந்தது. உண்மையைச் சொன்னால் சம்பந்தம் போகும், சொல்லாவிட்டால் மகளின் முகத்தில் விழிக்க முடியாது. அன்று ஜுனைட் ஒரு மோட்டரைக் கழற்றி, திரும்பப் பூட்டி, ஒரு ஆணியை வெளியே விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையும் அவருடைய வாப்பாவும் தாய் ஹவ்வா உம்மாவும் வந்து இறங்கினார்கள். நபீலா வட்டிலப்பத் தட்டோடு வர, "கொஞ்சம் பொறு," என்று ஜுனைட் எழுந்து நின்றார்.

"சாப்பிட முதல் ஒண்டு சொல்லோணும். நான் எஞ்சினியர் இல்ல. பிரிஜ் திருத்துற ஆள். கட்டார்ல பெட்டி தூக்கின நான். எல்லாம் என்ர பிழ, புள்ளைக்கு இதில ஒரு பங்குமில்ல. வேணாமெண்டா சொல்லுங்க, நான்..."

அந்தப் பெரிய வாய் அன்றைக்குத்தான் அடைத்துப் போனது.

மாப்பிள்ளையின் வாப்பா ஜுனைட்டைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"சொல்லு மகன்," என்றாள் ஹவ்வா உம்மா. "வழி நெடுக நான் என்ன சொல்லிட்டு வந்த?"

ஸஜாத்தின் காது சிவந்தது. "மாமா, நானும் டொக்டர் இல்ல. போன் திருத்துறன். 'டொக்டர் ஸஜாத்' எண்டு பேஸ்புக்ல விளம்பரம் போட்டிரிக்கன். கோட்டும் ஸ்டெதஸ்கோப்பும் ஒரு கூட்டாளிட சாமான். உடஞ்ச போன் ஒண்டக் கையில வச்சித்தான் போட்டோ எடுத்த. போன் தெரிஞ்ச பாதியத் தரகர் வெட்டிட்டார்."

"நீங்க விசாரிக்க மாட்டமெண்டு சொன்ன உடனதான் எங்களுக்கு உசிரே வந்த," என்றார் ஸஜாத்தின் வாப்பா.

கேட்டதும் ஜுனைட்டுக்கு வந்தது கோபம். "அதெப்பிடி? டொக்டர் இல்லாத ஆள் டொக்டர் எண்டு போடலாமா? சனம் நம்பி ஏமாறாதா?" என்று அவர் தொடங்க, உள்ளறையிலிருந்து ஹிமாயா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு ஸஜாத் தலை நிமிர்ந்தான். ஹவ்வா உம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்தினாள். ஜுனைட் மட்டும் நெடுநேரம் முறைத்துக்கொண்டிருந்தார். பிறகு தானே தட்டை வாங்கி மாப்பிள்ளைக்கு வட்டிலப்பம் பரிமாறினார்.

கல்யாணம் முடிந்து ஸஜாத் சாய்ந்தமருதுக்குக் குடிவந்தான். கடையில் பாதியை மாமா அவனுக்குப் பிரித்துக் கொடுத்தார். பழைய பலகையை இறக்கி வெள்ளை அடித்தார்கள். எழுத வந்தவர் தூரிகையை நனைத்துக்கொண்டு, "பேருக்கு முன்னால என்ன போட காக்கா?" என்று கேட்டார்.

ஜுனைட் யோசித்தார். ஆசை முற்றாக விட்டுப்போய்விட்டதென்று நான் சொல்ல மாட்டேன். உள்ளே ஒரு போனைக் கழற்றிப் போட்டுக்கொண்டு குனிந்திருந்த ஸஜாத்தை ஒருமுறை பார்த்தார்.

"என்ர பேருக்கு முன்னால மாமா எண்டு போடு. அவர்ர பேருக்கு முன்னால மருமகன் எண்டு போடு," என்றார். "வாற ஆக்கள் வந்து நல்லா விசாரிக்கட்டும்."