பள்ளிக்கூடப் பையில் ஒரு படங்கு

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரம் வரைக்கும்தான் வகுப்புகள் இருந்தன. உயர்தரத்தில் உயிரியல் படிக்க வேண்டுமென்றால் பதுளைக்குத்தான் போக வேண்டும். போகிறேன் என்று நான் அடம்பிடித்துப் போனேன். ஸ்பிரிங்வெளிப் பக்கம், ரோட்டிலிருந்து வெகு மேலே இருந்தது எங்கள் லயம் என்கிற வரிசை வீடு. பஸ் பிடிக்கத் தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இறங்க வேண்டும்.

அந்தப் பாதையில் குடை பாதி வேலையைத்தான் செய்யும். மழை விட்ட பிறகும் செடிகள் விடாது. இரண்டு பக்கமும் இடுப்பளவு நிற்கிற செடிகள் உரசி உரசியே ஆளை நனைத்துவிடும். முதல் வாரமே என் வெள்ளைச் சீருடை இடுப்புக்குக் கீழே பிழிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. பழுப்புக் கறையும் ஏறியது. ஈரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்து இரசாயனம் படிப்பது எப்படி இருக்கும் என்பதை உட்கார்ந்து பார்த்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அம்மா கொழுந்து பறிப்பவர். செடியின் ஈரம் படாமலிருக்கப் பறிக்கிறவர்கள் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் படங்கு என்போம். தன் பழைய படங்கு ஒன்றை என் உயரத்துக்கு வெட்டி, கயிறு வைத்து, அம்மா என்னிடம் நீட்டினார்.

"வெக்கப்படாம கட்டிக்கிட்டு எறங்கு. காய்ச்சல்ல படுத்துக்கிட்டா படிக்க முடியுமா?"

அப்படித்தான் என் பை பெருத்தது. பாதையில் ரப்பர் செருப்பு. வெள்ளைச் சப்பாத்து பழைய பத்திரிகையில் சுற்றிப் பைக்குள் இருக்கும். அட்டைக்கடிக்கு ஒரு துணியில் முடிந்த உப்பு, கால் துடைக்க ஒரு கந்தல், மாற்றிப் போட ஒரு ஜோடி காலுறை. சாப்பாட்டுப் பெட்டி ரொட்டிக்கு மட்டும். சம்பலை மூடி திருகுகிற போத்தலில்தான் கொண்டு போவேன், ஏனென்றால் பஸ் நெரிசலில் பை எந்தப் பக்கம் சரியும் என்று சொல்ல முடியாது. ரோட்டுக்கு இறங்கியதும் படங்கை உதறி மடித்துப் பைக்குள் வைப்பேன். பையை இறக்கி வை என்று கொண்டக்டர் சத்தம் போடுவார். சேற்றுத் தரையில் வைக்க மாட்டேன் என்று நெஞ்சோடு அணைத்தபடி நிற்பேன்.

தோட்டங்களிலிருந்து வருகிற மற்றப் பிள்ளைகளும் இப்படித்தான் வந்தார்கள். ஆனால் செருப்பையும் ஈரச் சாமான்களையும் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த நாங்கள் நானா என்று கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் பெரியவரின் கடையில் மேசைக்கு அடியில் ஒளித்துவிட்டு, நகரத்துப் பிள்ளைகள் மாதிரி சின்னப் பையோடு பள்ளிக்கூடத்துக்குள் நுழைவார்கள். அவர் நல்ல மனிதர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. என்னையும் வைக்கச் சொன்னார். பின்னேரம் கடை மூடியிருந்தால் என்ன செய்வது என்று நான் வைக்கவில்லை. உண்மையில் ஒளிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

ஒழுக்கத்துக்குப் பொறுப்பான டீச்சர் ஒரு மழை நாளில் கேட்டில் என்னை நிறுத்தினார். பையைத் திறக்கச் சொன்னார். படங்கை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது. தேயிலைக் கறை வாசம் வந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

"இது படிக்க வர்ற பையா, கொழுந்துக்குப் போற பையா?" என்று கேட்டார் டீச்சர்.

கொழுந்துக்குப் போகிற வழியாகத்தான் படிக்க வருகிறேன் என்று சொன்னேன். அவர் முகம் சிவந்தது. இந்தச் சாமான் இனி இந்தக் கேட்டுக்குள் வரக்கூடாது, நாளைக்கு அம்மாவோடு வா என்றார்.

வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அம்மா வேலையை விட்டு வந்து, செய்யாத குற்றத்துக்கு அந்தக் கேட்டில் கைகட்டி நிற்பார். அதைப் பார்க்க எனக்கு முடியாது.

அடுத்த நாளும் மழை. ரோட்டில் நான் படங்கை அவிழ்க்கவில்லை. கட்டியபடியே பஸ்ஸில் ஏறினேன், கட்டியபடியே பஜார் வழியாக நடந்தேன். எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றிருந்தது. கேட்டில் டீச்சர் நின்றார். அம்மா எங்கே என்று கேட்டார்.

"அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிட்டாங்க டீச்சர். பை என்னோடது. கேக்க வேண்டியத என்கிட்டயே கேளுங்க."

வெளியே நில் என்றார். நின்றேன். குடையை விரித்து, தோளுக்கும் கன்னத்துக்கும் நடுவே அதன் பிடியை இடுக்கிக்கொண்டு, உயிரியல் புத்தகத்தைத் திறந்தேன். கண்ணில் எழுத்து ஏறவில்லை, இருந்தாலும் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். முதல் பாடம் முடிந்து மணி அடித்தது. எங்கள் தோட்டத்து மேல் பிரிவிலிருந்து வருகிற ஒரு பிள்ளை வகுப்பிலிருந்து இறங்கி வந்து, கேட்டுக்கு உள்பக்கம் எனக்கு நேராக நின்றாள். பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். நகரத்துப் பிள்ளை ஒருத்தியும் வந்தாள்.

கூட்டத்தைப் பார்த்துத்தான் பள்ளிக்கூட அதிபர் வந்தார். என்ன விஷயம் என்று என்னிடமே கேட்டார். செடி நனைப்பதையும் சீருடை கறைபடுவதையும் சொன்னேன். மற்றவர்கள் நானாவின் கடையில் ஒளிப்பதை மட்டும் சொல்லவில்லை; அதைச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். ஆனால் முதலில் வந்து உள்ளே நின்ற பிள்ளை தானாகவே சொன்னாள்.

"நாங்களும் கொண்டு வர்றோம் சேர். கடையில வச்சிட்டு வர்றோம்."

அதிபர் டீச்சரைத் திட்டவும் இல்லை, என்னைப் பாராட்டவும் இல்லை. ஆய்வுகூடத்து வாசல் வராந்தாவில் ஒரு கயிறு கட்டச் சொன்னார். ஈரச் சாமான்களை அங்கே காயப்போட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள் என்றார். முதலில் என்னுடையது மட்டும் தொங்கியது. அந்த மாதம் முடியுமுன்னே கயிற்றில் இடமில்லை.

டீச்சர் அதன் பிறகு என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க ஒன்றுமில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

நான் பரீட்சை எழுதுவதற்குச் சில மாதங்களுக்கு முன் கல்வி அதிகாரிகள் பார்வையிட வந்தார்கள். காலையிலேயே டீச்சர் வராந்தாவுக்கு வந்து, இன்றைக்கு மட்டும் இதையெல்லாம் கழற்றுங்கள், பார்க்க நல்லாயில்லை என்றார். மழை விட்டால் கழற்றுகிறோம் என்று நாங்கள் சொன்னோம். அன்றைக்குப் பதுளையில் மழை விடவில்லை. அதிகாரிகள் படங்குகளுக்குக் கீழே குனிந்துதான் ஆய்வுகூடத்துக்குள் போனார்கள்.