பால்கனி ரூமின் விலை

எனக்கு விலை பேசத் தெரியும். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. மன்னார்குடிக் கடைத்தெருவில் என்னைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கொஞ்சம் எரிச்சலோடு சொல்வார்கள். ஒரு குடை வாங்க மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள் நான். அறுவடை முடிந்த கையோடு ஊரே நெல்லைக் கொடுத்துவிட்டு நிற்கும்போது, நான் சீரகச் சம்பாவை மூட்டை கட்டி வீட்டுக்குள் அடுக்கி வைத்திருப்பேன். வியாபாரி வருவான், உட்காருவான், டீ குடிப்பான், போய்விடுவான். நாலைந்து மாதம் கழித்து அவன் மறுபடி வரும்போது விலை என் பக்கம் வந்திருக்கும். ஒரு வருஷம் அக்காவின் பங்கு நெல்லையும் அப்படித்தான் நிறுத்தி வைத்து விற்றேன். அதில் கிடைத்த கூடுதல் பணத்தில்தான் அவள் வீட்டுக்கு மாடி எழும்பியது. அன்றிலிருந்து விலை என்று வந்துவிட்டால் அக்காவுக்கு நான் சொன்னதுதான் சொல்.

அப்பாவுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. எங்கள் வம்சத்தில் கூலி வேலைக்குப் போகாமல் சொந்த நிலத்தில் இறங்கிய முதல் ஆள் அவர். நிலம் இருந்தது, கையில் காசு இருந்ததில்லை. கதிர் பால் பிடிக்கும் முன்பே, வயலில் நிற்கிற பயிருக்கு விலை பேசி முன்பணம் வாங்கிவிடுவார். அப்புறம் வெளியில் என்ன விலை விற்றாலும் அவருக்குப் பேசின விலைதான். மூட்டைகள் லாரியில் ஏறுவதை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். முன்கூட்டியே விலையை முடிக்கிறவன் ஏமாளி என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே கண்ணால் பார்த்தேன்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். மன்னார்குடியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அத்தான் இறந்து வெகுநாள் ஆகிறது, பிள்ளைகள் இல்லை. நான் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஓர் ஐப்பசியில் அவள் வாசற்படியில் தடுக்கி விழுந்தாள். அதற்கடுத்த வாரமே கதவு விளிம்பில் இடித்துக்கொண்டாள். தஞ்சாவூருக்கு அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணுக்குள் அழுத்தம், வருஷக்கணக்காக இருந்திருக்கிறது, ஓரப் பார்வை முழுக்கப் போய்விட்டது என்றார் டாக்டர். ஊதுகுழல் வழியாகப் பார்க்கிற மாதிரி நடுவில் மட்டும்தான் மிச்சம்.

"போன பார்வை போனதுதாம்மா. இருக்கறத எவ்வளவு நாள் நிறுத்த முடியும்னு பாப்போம். பாக்கணும்னு ஏதாவது ஆசை இருந்தா தள்ளிப் போடாதீங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வடுவூர் ஏரி நிறைந்து கிடந்தது. கழுத்தைத் திருப்பித் திருப்பி அதைத் துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், திடீரென்று, "தம்பி, எனக்குக் கடலுக்கு நடுவுல போயி இருக்கணும்டா" என்றாள்.

"அதுக்கென்ன, கோடியக்கரை போவோம். காலைல போயிட்டு சாயங்காலம் வந்துரலாம்."

"கரையில நின்னு பாக்கறதா? அது வேணாம். எந்தப் பக்கம் பாத்தாலும் தண்ணியா இருக்கணும். வெள்ளத்தப்ப பாத்திருக்கேன், நாலு பக்கமும் தண்ணி. அது பயிர அழுக வச்ச தண்ணி. பாக்க மனசு வராம கதவைச் சாத்திக்கிட்டேன். யாருக்கும் கெடுதல் பண்ணாத தண்ணியா ஒரு நாள் பாக்கணும்."

சரி என்றேன். அன்றைக்குச் சொன்ன அந்தச் சரி உண்மையானதுதான், அதில் சந்தேகம் வேண்டாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் டிக்கெட் ஆபீஸ் வைத்திருக்கும் பாய் எனக்குப் பழக்கம். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் போகிற பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் டிக்கெட் போடுவார். அவரிடம் விசாரித்தேன். சென்னையிலிருந்து கிளம்பி எந்த ஊருக்கும் போகாமல், நடுக்கடலில் இரண்டு நாள் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிற கப்பல் ஒன்று இருக்கிறதாம். ஆனி மாதத்தில் கிளம்புகிறது. ஊருக்கே போகாத கப்பலுக்கு டிக்கெட் ஒரு கேடா என்று நான் சிரித்தேன். பாயும் சிரித்தார். சிரித்துவிட்டுக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். ரூமில் மூன்று தினுசு. ஜன்னலே இல்லாதது ஒன்று, திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல் வைத்தது ஒன்று, பால்கனி வைத்தது ஒன்று. பால்கனியில் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம்.

அக்காவுக்குப் பால்கனிதான் சரி. மேல்தளத்துக் கூட்டத்தில் அவளால் நடக்க முடியாது. பக்கவாட்டில் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் மோதிக்கொள்வாள். ரூமை விட்டு வெளியே வராமலே பார்க்கிற மாதிரி இருந்தால்தான் அவள் கடல் பார்ப்பாள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் அப்படிச் செய்தேன்.

இரண்டு பேருக்கு எழுபத்திரண்டாயிரம் என்றார் பாய்.

"எட்டு மாசம் இருக்கு. இப்பவே முழு விலை கேக்கறான்?"

"முழுசும் வேணாம் அண்ணே. அட்வான்ஸ் கட்டிட்டா போதும், விலை அப்படியே நின்னுரும். ரூம் நெறைய நெறைய வெலை ஏறும். காலியா கெடந்தா எறக்குவான். கம்ப்யூட்டரே போடுது, நம்ம கையில ஒண்ணும் இல்ல."

அட்வான்ஸ் என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு வரப்பில் நின்ற அப்பாதான் ஞாபகத்துக்கு வந்தார். காலியாகக் கிடந்தால் இறக்குவான் என்பதை மட்டும் மனதில் முடிந்துகொண்டேன். "பொறுங்க பாய்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

அக்காவிடம் விலையைச் சொன்னேன். "என்கிட்டதான் பணம் இருக்கே, போட்டுரலாமே தம்பி" என்றாள். ஓய்வு பெற்றபோது வந்த பணம், அவளுடையது. நான் என் பணத்துக்குக்கூட அவ்வளவு காவல் இருந்ததில்லை. "நீ சும்மா இரு, நான் பாத்துக்கறேன்" என்றேன். அவள் சும்மா இருந்தாள்.

மார்கழியில் எழுபத்தொன்பது ஆயிற்று. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. நெல் விலை ஏறினால் நமக்கு நல்லது; இது தலைகீழாக அல்லவா இருக்கிறது. ஏறினது இறங்காமலா போகும் என்று பாயிடம் சண்டைக்குப் போனேன். அவர் பொறுமையாக, "அண்ணே, அந்தக் கப்பல்ல பால்கனி ரூம் எத்தனையோ அத்தனைதான். நெல்லு மாதிரி நாளைக்கு இன்னொரு லாரி வராது" என்றார். வியாபாரி பேச்சு என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குக் கமிஷன் கிடைக்கும், அதனால் சொல்கிறார் என்று நினைத்தேன். கெட்ட புத்தி.

நான் எப்போது போனாலும் அக்கா கேட்கிற முதல் கேள்வி, "பாய் போன் பண்ணாரா?" என்பதுதான். தட்டின் ஓரத்தில் வைத்த பொரியல் அவள் கண்ணில் படாமல் அப்படியே இருக்கும். நான் அதை நடுவில் தள்ளி வைப்பேன். தள்ளி வைத்துக்கொண்டே, "இன்னும் எறங்கும் அக்கா" என்பேன்.

மாசியில் பாய் அவரே போன் செய்தார். "அண்ணே, அறுபத்தெட்டுக்கு வந்திருக்கு. ஆஃபர் போட்டிருக்கான், ரெண்டு மூணு நாள்தான் இருக்கும். முடிச்சிருங்க."

பாய் முதலில் சொன்ன விலையை விட நாலாயிரம் குறைவு. முடித்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? விலை விழ ஆரம்பித்துவிட்டது என்று கண்டுபிடித்தேன். நெல் விலை விழும்போது எந்த வியாபாரியாவது அன்றைக்கே வாங்குவானா? கீழே வந்து நிற்கட்டும் என்றுதான் உட்கார்ந்திருப்பான். இத்தனை வருஷம் அவன் எனக்குச் செய்ததை இப்போது நான் கப்பல்காரனுக்குச் செய்யப்போகிறேன் என்று உள்ளுக்குள் ஒரே குஷி. "பொறுங்க பாய்" என்றேன். நாலாம் நாள் பழையபடி எழுபத்தொன்பதுக்கே போய்விட்டது.

பங்குனிக் கடைசியில் பால்கனி ரூம் ஒன்றுகூட இல்லை. கண்ணாடி ஜன்னல் ரூம் நாலைந்து இருந்தது, அதுவும் பால்கனிக்கு முதலில் சொன்னதை விடக் கூடுதல் விலை. ஜன்னல் இல்லாதது மட்டும் எத்தனை வேண்டுமானாலும் இருந்தது. "ஆஃபர் போட்டப்பவே ஜனம் அள்ளிருச்சு அண்ணே" என்றார் பாய். அந்தக் கண்ணாடி ஜன்னலையாவது எடுத்திருக்கலாம். கடல் தெரியும். பால்கனியை விட அதிக விலை கொடுத்து ஜன்னலா என்று என் மண்டைக்கனம் விடவில்லை. கடைசி நேரத்தில் எவனாவது வரமுடியாமல் கேன்சல் செய்வான், அப்போது கப்பல்காரன் என் வழிக்கு வருவான் என்று நினைத்தேன். அக்காவிடமும் அப்படியே சொன்னேன்.

"எப்ப எறங்கும்?" என்று கேட்டாள்.

"கெளம்பறதுக்குக் கொஞ்ச நாள் முன்னாடி."

"அதுவரைக்கும் இருக்குமா?"

ரூமைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "இருக்கும் இருக்கும்" என்று பதில் சொன்னேன்.

சித்திரையில் தஞ்சாவூர் போனோம். சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்த டாக்டர், வலது கண்ணை இனி நம்ப வேண்டாம், இடது கண்ணை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வைகாசி பிறந்த பிறகு அக்கா பாயைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் போனால், வா என்பாள், மோர் கொடுப்பாள், மழையைப் பற்றிப் பேசுவாள். கப்பல் பேச்சே இல்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. தம்பி பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனி பிறந்து மூன்றாம் நாள், பகல் பதினொரு மணி இருக்கும், பாய் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ஆயிருச்சு. ஒரு குடும்பம் கேன்சல் பண்ணிட்டாங்க, ஒரே ஒரு பால்கனி ரூம். அறுபத்தொண்ணு. படம் அனுப்பறேன், அக்காகிட்ட காட்டிட்டு உடனே சொல்லுங்க."

அறுபத்தொன்று. எட்டு மாதத்தில் இதுதான் ஆகக் குறைந்த விலை. நான் ஜெயித்துவிட்டேன். களத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது, அப்படியே போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே போனேன் என்பதை இன்றைக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அக்காவிடம் எப்படிச் சொல்வது, எந்தக் குரலில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய்க் குனிந்து போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினேன். "பாரு, பால்கனி ரூம். ரெண்டு நாற்காலி போட்டிருக்கான். கீழ அப்படியே கடல். அறுபத்தொண்ணுக்கு எறங்கிருச்சுக்கா, நான் சொல்லல?"

"நல்லாருக்குடா" என்றாள்.

போனைத் திருப்பிப் பார்த்தேன். படம் இன்னும் இறங்கவே இல்லை. கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் முன்னால் கையை ஆட்டினேன். இமை அசையவில்லை. என் சத்தம் வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, விலை இறங்கின சந்தோஷத்தை எனக்காகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்பேர்ந்துக்கா?"

"பதினஞ்சு இருபது நாளாச்சு. வெளிச்சம் இருக்கா இல்லையான்னு மட்டும் தெரியும். பழகுன வீடு, உனக்குத் தெரியாம தடவிக்கிட்டே சமாளிச்சேன்."

"ஏன்கா சொல்லல?" கோபத்தில்தான் கேட்டேன். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது.

"சொல்லி என்னடா பண்றது. நீயும் இவ்வளவு நாள் காத்துக்கெடந்துட்டே." அவள் குரலில் வருத்தம்கூட இல்லை. கை நீட்டித் தடவி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடைக்குப் போகிறவனைக் கூப்பிட்டு ஒரு சாமான் சொல்கிற மாதிரி அப்புறம் சொன்னாள்:

"தம்பி, அந்த ஜன்னல் இல்லாத ரூமு இதவிடக் கொறைச்சலாத்தானே இருக்கும்? அதையே போட்டுரு. எதுக்கு வீணா."

அவள் வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் போல விலை பார்த்தாள்.

கையில் போன் அடித்தது. பாய்தான். எடுத்துக் காதில் வைத்தேன். "அண்ணே, அக்கா பாத்தாங்களா? வேற யாராவது எடுத்துருவாங்க, போட்டுரவா?" என்று கேட்டார். எட்டு மாதமாக அவருக்கு நான் சொல்லிக்கொண்டிருந்த ஒரே பதில் வாய் வரைக்கும் வந்து நின்றது. அக்கா என் முழங்கையை விடாமல் பிடித்திருந்தாள். பொறுங்க பாய் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.