யாரும் வராத பந்தியின் படம்

படம் வரைந்து தரும் செயலிக்கு நான் முதன்முதலில் எழுதியது ஏறத்தாழ ஒரு விண்ணப்பமாகவே அமைந்துவிட்டது. "பெருமதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். பொழுது புலரும் வேளையில் திருப்பரங்குன்றம் மலையின் எழில்மிகு தோற்றத்தை வரைந்தளிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இப்படிக்கு" என்று எழுதி, அடியில் என் பெயரையும் தெருவையும் குறித்திருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நூற்பாலையில் பணியாற்றிய காலத்தில் உடன் உழைத்தவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்தும், நூலகத்தில் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தும் என் உரைநடையை நானே அமைத்துக்கொண்டேன். முன்பின் அறியாத ஒருவரிடம் ஒன்றைக் கேட்பதற்கு எனக்குத் தெரிந்த முறை அதுதான்.

சற்று நேரத்தில் படம் வந்தது. மலை இருந்தது; அதன் உச்சியில் பனி படர்ந்திருந்தது. அடிவாரத்தில் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில், ஓரங்கள் மேல்நோக்கி வளைந்த கூரையோடு வேறு ஏதோ நாட்டுக் கோயில் நின்றது. அதன் வாசலில் ஒரு பலகை. என் தெருவின் பெயரை அதில் எழுத முயன்றிருந்தது போலும். தள்ளிப் பிடித்தால் தமிழாகத் தெரிந்தது. கண்ணருகே கொண்டுவந்தால் எந்த மொழியுமாக இல்லை. ஆயினும் அன்று வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேட்டு எனக்கென்று ஒன்று வந்து பல காலம் ஆகியிருந்தது.

இதில் நான் இறங்கியதற்குக் காரணம் என் மகன். அவன் கடல் கடந்த நாடொன்றில் குடும்பத்தோடு வாழ்கிறான். எங்கள் உறவினர் அனைவரும் கைபேசியில் ஒரு குழுவாக இருக்கிறோம். என் மனைவி காலமான பிறகு, நாள்தோறும் காலையில் அந்தக் குழுவில் ஒரு வணக்கப் படம் இடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன். பனித்துளி தாங்கிய ரோஜா, உதிக்கும் சூரியன், தேநீர்க் கோப்பை என்று பிறர் அனுப்பியவற்றையே நானும் அனுப்புவேன். மகனிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் ஒன்று மறுமொழியாக வரும். சொல் எதுவும் வராது. அவன் நலமாக இருக்கிறான் என்பதற்கு அந்த விரலே சான்று என்று முதலில் மகிழ்ந்தேன். பிறகு, ஒரு நாள் ரோஜாவுக்கும் மறுநாள் சூரியனுக்கும் ஒரே விரல் வருவதைக் கண்டு, அவன் படத்தைத் திறந்து பார்க்கிறானா என்ற ஐயம் எழுந்தது. அவனை ஒரு கணம் நிறுத்திப் பார்க்க வைக்கும் படம் ஒன்றை நானே உண்டாக்க வேண்டும் என்று தீர்மானித்தேன்.

ஆகவே பயின்றேன். விண்ணப்பம் எழுதுவதை விட்டேன். என்ன வேண்டுமோ அதை மட்டும் சிறு சிறு வாக்கியங்களாகச் சொல்ல வேண்டும் என்பதும், சொல்லாமல் விட்டதை அது தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும் என்பதும் மெல்ல விளங்கின. மாடு என்றால் கொழுத்த வெளிநாட்டுப் பசு வரும். திமிலும் கொம்பும் கேட்டு வாங்க வேண்டும். வைகை என்றால் கரை நிறைய நீர் ஓடும். மணலைத் தனியே கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அது "மிக அருமையான யோசனை" என்று என்னைப் பாராட்டிவிட்டே வரையத் தொடங்கியது. எல்லோரிடமும் அது அப்படித்தான் சொல்லும் என்பதை அறிவேன். இருந்தும், சில நாள்களில் என்னை நோக்கி வந்த சொற்கள் அவை மட்டுமாக இருந்ததால், "மிக்க நன்றி" என்று பதில் எழுதாமல் கைபேசியை வைக்க மனம் ஒப்பவில்லை. நான் மாடியில் வசிக்கிறேன். கீழ்த்தளத்தில் நெசவுத் தொழிலில் வந்த குடும்பம் ஒன்று வாடகைக்கு இருக்கிறது. அவர்கள் தமிழல்லாத தங்கள் வீட்டு மொழியில் பேசிச் சிரிப்பது நாள் முழுதும் மேலே கேட்கும். எனக்கு அது புரியாது.

நான் செய்த படங்கள் குழுவில் சிறிது மதிப்புப் பெற்றன. தங்கை கணவர் "மச்சான் கலக்குறாரு" என்று எழுதினார். மகனிடமிருந்து கட்டைவிரல் வந்தது.

என் மனைவி இருந்தவரை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பந்தி நடக்கும். மலைக்குச் சாமி கும்பிட வரும் உறவினர் எவராயினும் எங்கள் வீட்டில் இலை போட்டு உண்டுவிட்டே ஊர் திரும்புவர். இப்போதும் அவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள். கும்பிட்டுவிட்டு நேரே பேருந்து ஏறிவிடுகிறார்கள். தனியாக இருக்கும் மனிதருக்குச் சிரமம் கொடுப்பானேன் என்பது அவர்கள் எண்ணம். அந்தப் பந்தியை வரைந்து அனுப்பினால் மகன் அடையாளம் கண்டுகொள்வான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் தோன்றியது.

முதலில் வந்த படத்தில் எல்லோரும் பற்பசை விளம்பரம் போல் சிரித்துக்கொண்டிருந்தனர். "அனைவரும் அமைதியாக இருக்கட்டும்" என்றேன். அடுத்ததில் பல வண்ணச் சட்டைகள். "ஆடவர் வெள்ளை வேட்டி, தோளில் துண்டு" என்றேன். சுவர் வெறுமையாக இருந்தது. எங்கள் கூடத்தின் சுவரில் மனைவியின் படம் மாலையுடன் இருப்பதால், "சுவரில் மாலையிட்ட படம், அதன் முன் விளக்கு" என்று சேர்த்தேன். இறுதியாக வந்ததில் எல்லாம் பொருந்தியிருந்தன. மாலைக்குள் இருந்த முகம் மட்டும் தெளிவின்றிக் கலங்கியிருந்தது. அதைத் திருத்தச் சொன்னபோது, அன்றைக்கு வரைந்து தரும் அளவு தீர்ந்துவிட்டதாகச் செயலி தெரிவித்தது. சிறிய முகம்தானே என்று விட்டுவிட்டு, "ஞாயிறு வணக்கம். நம் இல்லத்தில் பந்தி" என்று எழுதிக் குழுவில் இட்டேன். கைபேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய் இட்லி உண்டேன். படிப்பகத்தில் நாளிதழ்களை வாசித்தேன். வீடு திரும்பித் துணி துவைத்தேன்.

வேட்டியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது தெருமுனையிலிருந்து ஒப்பாரி கேட்டது. யார் வீட்டில் துக்கமோ என்று கைப்பிடிச் சுவரருகே வந்து எட்டிப் பார்த்தேன். அவிழ்ந்த கூந்தலும் முந்தானையால் பொத்திய வாயுமாக வந்துகொண்டிருந்தவள், டி. கல்லுப்பட்டிக்கு அருகே வாழ்க்கைப்பட்டிருக்கும் என் தங்கை. அவளுக்குப் பின்னால் அவள் கணவர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அவள் அண்ணாந்து என்னைப் பார்த்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது.

"அண்ணே! நீ இருக்கியா?"

"இருக்கேன்மா. எதுக்கு இந்த அழுகை?"

"எதுக்கா? கருமாதிப் பந்தியப் படம் புடிச்சுப் போட்டுட்டு எதுக்குன்னா கேக்குற? போன எடுக்க முடியல ஒனக்கு?"

அவள் கணவர் மூச்சு வாங்கியபடி படியேறினார். "மச்சான், நான் அப்பவே சொன்னேன், ஆளு போயிருந்தா அவரு போன்லருந்து எவன்டி தெனமும் படம் போட்டதுன்னு. ஒங்க தங்கச்சி கேட்டாத்தானே! பஸ்ஸுல ஏறுனதுலருந்து திருமங்கலம் வரைக்கும் ஒரே அழுகை. கண்டக்டரு டிக்கெட்டுக் கேக்கவே பயந்துட்டாரு."

"நீங்க சும்மா இருங்க. அவரு நோகாம வேட்டியக் காயப்போடுறாரு. நான் இங்க நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வாரேன்."

கூடத்தில் அமர்ந்ததும் அவள் தன் கைபேசியை என் முகத்தருகே நீட்டினாள். "இலையப் பாரு. நுனி எந்தப் பக்கம் கெடக்கு?"

பார்த்தேன். எங்கள் வகையறாவில் உண்பவரின் இடக்கைப் பக்கம் நுனி வரும்படி இலை போடுவது முறை. நுனி வலக்கைப் பக்கமாக மாறிக் கிடந்தால் அது துக்க வீட்டுப் பந்தி. படத்தில் வரிசையாக அத்தனை இலைகளும் மாறிக் கிடந்தன. வேட்டியையும் துண்டையும் மாலையையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்த நான் இலையைக் கவனிக்கவே இல்லை. வெள்ளை உடையும் அமைதியும் விளக்கும் நானே கேட்டு வாங்கியவை. முகம் தெரியாத அந்த மாலைக்குள், அவரவர் அஞ்சிய முகத்தை அவரவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாரு இப்புடி இலை போட்டது?" என்றாள்.

"யாரும் போடலம்மா. மிஷின் வரஞ்ச படம்."

"அப்ப இம்புட்டுப் பேரு ஒக்காந்திருக்காக?"

"யாரும் இல்ல."

"இந்த மீசக்காரரு? நம்ம பெரியப்பா மகன் மாதிரி இருக்காரே."

"அவரும் இல்ல."

"ஆளே இல்லாத பந்திக்கா நான் அழுதுக்கிட்டு வந்தேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "எனக்குச் சொல்லாமயே பதினாறு வரைக்கும் முடிச்சுட்டாகளோன்னு வயிறு எரிஞ்சு வந்தேன்."

"உசுரு போனதவிட, தனக்குச் சொல்லலங்குறதுதான் அவளுக்குப் பெரிய கவல, மச்சான்" என்றார் கணவர். மூவரும் சிரித்தோம். அந்தக் கூடத்தில் மூன்று பேர் சிரித்த ஓசை எனக்கே புதிதாக இருந்தது.

அவர் குழுவில் வந்திருந்தவற்றை உரக்கப் படிக்கலானார். ஆழ்ந்த இரங்கல் என்று ஒருவர். எப்போது நடந்தது என்று ஒருவர். நல்ல மனிதர், கடைசிவரை யாருக்கும் பாரமாக இருந்ததில்லை என்று மற்றொருவர். படித்துக்கொண்டே வந்தவர் திடீரென்று நிறுத்தினார். தங்கை எட்டிப் பார்த்தாள்.

"இம்புட்டுப் பேரு அழுது வச்சிருக்காக. ஒம் மகன் கட்டவெரலத் தூக்கிருக்கானே!"

சொல்லிவிட்டு அவள் என் முகத்தைப் பார்த்தாள். உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அங்க ராத்திரியா இருக்கும்ல. தூக்கத்துல அமுக்கிருப்பான், பாவம்."

"ஆமா, ராத்திரியாத்தான் இருக்கும்" என்றேன்.

காப்பி போட எழுந்தேன். அவள் தடுத்தாள். துக்கத்துக்கென்று கிளம்பி வந்த கால்; இங்கே கை நனைக்கக்கூடாது என்றாள்.

"அதான் யாரும் சாகலயே. ஒரு காப்பியக் குடிச்சா என்னா?" என்றார் கணவர்.

"கூடாதுன்னா கூடாது. அண்ணனுக்கு ஆகாது."

உண்மையாகவே வந்த இரண்டு விருந்தினரும் எங்கள் கூடத்தில் பச்சைத் தண்ணீர்கூட அருந்தவில்லை. நான் நலமாக இருப்பதாகக் குழுவில் ஒரு வரி இட்டுவிட்டு, சற்று நேரம் பேசிக்கொண்டிருந்து எழுந்தார்கள். துக்க வீட்டிலிருந்து கிளம்புவோர் போய்வருகிறேன் என்று சொல்லும் வழக்கம் இல்லை. அதையும் அவள் வழுவாமல் காத்தாள். என் கையை ஒருமுறை அழுத்திப் பிடித்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல், திரும்பியும் பாராமல் படியிறங்கினாள். வீடு சேர்ந்ததும் தலை முழுகியிருப்பாள். என் நன்மைக்காகவே அனைத்தையும் செய்தாள். ஆனால் வாரேன் என்ற ஒரு சொல் இல்லாமல் ஒருவர் இறங்கிப் போன பின் வீடு எப்படி இருக்கும் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

மாலையில் மகனை அழைத்தேன். அவனுக்கு வேலை இருக்கும், உறக்கம் கெடும் என்று நானாக அழைப்பதில்லை. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்.

"அப்பா? என்னாச்சு? எதுவும் பிரச்சனையா?"

"ஒண்ணும் இல்லப்பா. சும்மாதான். இன்னைக்குப் படம் போட்டிருந்தேனே, பாத்தியா?"

"பாத்தேம்ப்பா. நல்லாருந்துச்சு."

"அதுல என்ன இருந்துச்சு?"

கேட்க வேண்டும் என்று எண்ணிக் கேட்டதல்ல, வாயில் வந்துவிட்டது.

"உண்மையச் சொல்லட்டாப்பா? தெறந்து பாக்கல. ராத்திரி படுக்கப்போறப்ப நெறைய வந்து கெடக்கும். அப்பிடியே ஒரு லைக்கப் போட்டுட்டு..."

"பரவாயில்ல. இப்பப் பாரு."

காத்திருந்தேன். பேரப்பிள்ளை அந்த நாட்டு மொழியில் ஏதோ கேட்டது. அவன் அதை அடக்கினான். பிறகு வந்த குரல் வேறாக இருந்தது.

"யாருப்பா? யாரு எறந்தது? எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல?"

இளம் வயதிலேயே ஊரை விட்டுப் போனவன். இலை போடும் முறையெல்லாம் அவன் நினைவில் இருக்காது என்று எண்ணியிருந்தேன். பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டான். எத்தனையோ காலைப் பொழுதுகளில் நான் முயன்றது இந்த ஒரு பார்வைக்காகத்தான். கிடைத்தபோது அதில் அவ்வளவு அச்சம் இருந்தது.

"யாரும் எறக்கலப்பா. மிஷின்கிட்டச் சொல்லி நான் வரஞ்சது. இலைய அது மாத்திப் போட்டுருச்சு."

அவன் நெடுமூச்சு விடுவது கேட்டது. "எதுக்குப்பா இதெல்லாம் பண்றீங்க?"

நீ பார்ப்பாய் என்றுதான் என்று சொல்லியிருக்கலாம். "பொழுது போகணும்ல" என்றேன்.

"இனிமே படம் வேணாம்ப்பா. பேசுவோம்."

"எப்பப் பேசலாம்?"

அவன் யோசித்தான். பிள்ளை மறுபடியும் எதையோ கேட்டது. "நானே கூப்பிடுறேம்ப்பா" என்றான்.

இதை எழுதும் இன்று வியாழக்கிழமை. படம் வேண்டாம் என்று அவன் சொன்னதால் குழுவில் நான் எதுவும் இடவில்லை. திங்கட்கிழமை காலையில் வணக்கப் படத்தைக் காணாமல் தங்கை பதறிப்போய் அழைத்து, "அண்ணே, இருக்கேல்ல?" என்று கேட்டாள். இருக்கிறேன் என்றேன். அவன் இன்னும் அழைக்கவில்லை. அந்தச் செயலியையும் நான் திறப்பதில்லை. கைபேசியை வீட்டில் விட்டுவிட்டு இட்லிக் கடைக்கோ படிப்பகத்துக்கோ போவதை நிறுத்திவிட்டேன். குளிக்கப் போகும்போதும் எடுத்துச் சென்று, தண்ணீர் தெறிக்காத மாடத்தில், ஒலி முழுவதுமாகக் கேட்கும்படி வைத்துக்கொள்கிறேன்.