பலகையில் இல்லாத அம்மாசி

தைரியராஜ் சார் அந்தப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அதன் முதுகை இரண்டு பக்கமும் வளைப்பார். பிறகு கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை ஒருமுறை தடவுவார். ஏழு வருடம் பார்த்திருக்கிறேன். ராசிக்காகச் செய்கிறார் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அது ஒரு பழைய ரயில்வே கால அட்டவணை. அதை வைத்துத்தான் எங்கள் கிரிக்கெட். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறக்க வேண்டும். இடதுபக்கத்து எண்ணின் கடைசி இலக்கம்தான் ரன். எட்டு வந்தால் ஒன்று என்று கணக்கு. பூஜ்யம் வந்தால் அவுட். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கடைசி பெஞ்சில் ஆடுவதுதான். ஆனால் பொன்மலையில் எட்டுப் பெரிய மனிதர்கள் அதை லீக்காக ஆடினார்கள். ஆளுக்கு ஒரு அணி, அணிக்குப் பதினோரு ஆட்டக்காரர்கள். அத்தனை பேரும் கற்பனை. பன்னிரண்டு சீசன் ஆடியவருக்கு ஓய்வு. ஓய்வு பெற்று மூன்று வருடம் கழிந்தால் அவர் பெயர் ஓட்டுக்கு வரும். ஒருவர் தன் சீட்டில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். எட்டில் ஆறு ஓட்டு விழுந்தால் புகழ்ப் பலகையில் எழுதுவார்கள். ஐந்து வருடம் ஓட்டில் நின்றும் தேறாதவர் பெயர் அதோடு போய்விடும்.

தைரியராஜ் சார் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டைம் ஆபீஸ் கிளார்க். லீக்கை ஆரம்பித்தவரும், செயலாளரும், ஸ்ரீரங்கம் அணியின் சொந்தக்காரரும் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து, குவார்ட்டர்ஸின் பின்கட்டில் நாலு மணிவரை உட்கார்ந்திருப்பார். மையில் எழுதிய எதையும் அடிக்கக் கூடாது என்பது அவர் போட்ட விதி. முப்பது வருடம் ஆட்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதியவர் வேறு எப்படி இருப்பார்?

நான் எண்பதில் இந்த லீக்கில் சேர்ந்தேன். ஒருவர் மாற்றலாகிப் போக, லால்குடி அணி எனக்கு வந்தது. என் அப்பா தொட்டியத்தில் வாழைத்தார் சுமந்தவர். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பி.ஏ. முடித்திருந்தேன் என்பதால் எல்லோரும் என்னைப் பட்டதாரி என்று கூப்பிட்டார்கள். அது மரியாதையா கிண்டலா என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பலகையில் பெயர் எழுதுவது மூக்கன் அண்ணன். ரயில் பெட்டிகளுக்கு எண் எழுதும் பெயிண்டராக இருந்தவர். எழுபத்து நாலு ரயில்வே ஸ்டிரைக்கில் சிறைக்குப் போனார், வேலையும் போயிற்று. பிறகு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் லாரிக்கும் சைக்கிளுக்கும் பெயர் எழுதிப் பிழைத்தார். அவருடைய முசிறி அணியின் முதல் ஆட்டக்காரன் பெயர் பி. அம்மாசி. அது அவருடைய அப்பா பெயர். லோகோ ஷெட்டில் கரி அள்ளியவர். "கரிக்கூடையை இறக்கி வச்சிட்டு பேட் பிடிக்கச் சொல்லுங்க அவரை" என்று எட்டுப் பேரில் ஒருவரான சுடலைமுத்து சீண்டுவார். மூக்கன் அண்ணனும் சிரிப்பார்.

அம்மாசி எண்பதில் முதன்முதலாக ஓட்டுக்கு வந்தார். நான்கு வருடமும் நாலு ஓட்டு, ஐந்து ஓட்டு என்று நின்றுபோனார். ஒவ்வொரு வருடமும் ஓட்டெடுப்புக்கு முன் மூக்கன் அண்ணன் பலகையில் பென்சிலால் இரண்டு கோடு இழுத்து வைப்பார். எழுத்து நிற்க வேண்டிய கோடுகள். ஜெயித்தது வேறு பெயராக இருந்தால் அழித்துவிட்டு அந்தப் பெயரின் நீளத்துக்கு மறுபடி இழுப்பார்.

எண்பத்து நாலு, கடைசி வாய்ப்பு. அந்த வருடம் அவருக்கு வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ரிக்‌ஷாவில் வந்து சுவரில் சாய்ந்து உட்காருவார். எங்களிடம் அவர் எதையும் கேட்டதில்லை. ஓட்டெடுப்பு அன்று மட்டும் சொன்னார்.

"எங்கப்பா பேரு ரேஷன் கார்டுல கூட தப்பாத்தான் இருக்கு தம்பி. ஒரு எடத்துல பெயிண்டுல இருக்கட்டும்னு பாக்குறேன்."

ஓட்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு நான் தைரியராஜ் சாரிடம் போனேன். அம்மாசி அதற்குத் தகுதியானவர்தானா சார் என்று தனியாகக் கேட்டேன். இரக்கப்பட்டுப் போடுகிற ஓட்டு அவருக்கு அவமானம் என்று எனக்கு ஒரு எண்ணம். படித்தவன் எண்ணம். சார் என்னைப் பார்க்கவில்லை. புத்தகத்தின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

"கணக்கு இருக்கு தம்பி. கணக்கைப் பாருங்க."

பார்த்தேன். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு ரன். பலகையில் இருந்த ஆட்டக்காரர்கள் எல்லோரும் மூவாயிரத்தைத் தாண்டியவர்கள். எழுபத்து நாலாம் வருட வரிசையில் ஒன்பது ஆட்டம், அதில் ஏழு பூஜ்யம். ஒரே வருடத்தில் இத்தனை பூஜ்யமா என்று நினைத்தேன். அம்மாசி பெயரை எழுதவில்லை.

சார் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். அம்மாசிக்கு ஐந்து. சுடலைமுத்துவின் பந்துவீச்சாளன் ஒருவனுக்கு ஆறு. மூக்கன் அண்ணன்தான் முதலில் பேசினார். "அவுட்டுதானே, விடு தைரியம். எங்கப்பாவுக்குப் பழக்கம்தான்." பிறகு பிரஷ் கேட்டார். சார் பலகையைத் தாங்கிப் பிடிக்க, அந்தப் பந்துவீச்சாளன் பெயரை எழுதினார். எழுத்து ஒன்றுகூட நடுங்கவில்லை.

பதினாறாம் நாள் செத்துப்போனார்.

காவிரிக்கரையில் எரித்துவிட்டு, நானும் சாரும் சத்திரத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்கு நின்றோம். பொன்மலைக்குப் போக வேண்டியவர் ஏன் என்னோடு நிற்கிறார் என்று யோசித்தேன். இரண்டு பஸ்ஸைப் போகவிட்டார். அப்புறம் சொன்னார்.

மூக்கன் சிறையில் இருந்தபோது முசிறி அணிக்காக இவர்தான் வீட்டில் தனியாகப் புத்தகம் திறந்திருக்கிறார். முசிறியின் ஸ்கோர் அட்டையை அந்தப் புத்தகத்திலேயே, இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் வைத்திருந்தார். கனத்த அட்டை. ஆட்டம் தொடங்க அட்டையை எடுப்பார், புத்தகத்தை மூடுவார், கண்ணை மூடிக்கொண்டு திறப்பார். அட்டை அழுத்திப் பழகிய இடத்திலேயே புத்தகம் விரியும். முதல் பந்து இருநூற்றுப் பத்து. பூஜ்யம். முதல் பந்தை எதிர்கொள்கிறவர் எப்போதும் அம்மாசி.

சீசன் முடிந்து அட்டையைக் கடைசியாக எடுத்த அன்றுதான் அவருக்குப் புரிந்தது. அன்றிலிருந்துதான் முதுகை வளைப்பதும் தடவுவதும். ஆனால் எல்லாம் மையில் எழுதியாகிவிட்டது. அந்த வருடம் முசிறியை இரண்டு முறை தோற்கடித்துக் கோப்பை வாங்கியது ஸ்ரீரங்கம், அவருடைய அணி. சொன்னால் சீசன் முழுவதும் செல்லாது.

"நான் ஓட்டுப் போட்டேன் தம்பி. அஞ்சு வருஷமும் போட்டேன். அதுல சரியாயிடும்னு நெனச்சேன்."

என்னை ஒரு வார்த்தைகூட அவர் குறை சொல்லவில்லை. அம்மாசிக்கு விழாமல் போன அந்த ஆறாவது ஓட்டு என்னுடையது என்று அவருக்குத் தெரியும். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். கணக்கைப் பார் என்று அவர் சொன்னதும் தப்பு. சுவரில் சாய்ந்திருந்த ஆளைப் பார்க்காமல் நான் கணக்கை மட்டும் பார்த்தது எதில் சேர்த்தி?

அடுத்த ஞாயிறு எல்லோரையும் கூட்டிச் சொல்லிவிடுவதாகவும், அம்மாசியை மறுபடி ஓட்டுக்கு விடுவதாகவும், பெயர் எழுதிய பிறகு பலகையை மூக்கன் மனைவி ராக்கம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டுவதாகவும் சொன்னார். அடுத்த ஞாயிறு எல்லோரும் வந்தார்கள். புத்தகத்தை வளைத்தார், தடவினார், திறந்தார். ஆட்டம் நடந்தது. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நானும் வாயைத் திறக்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டியது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொள்வது எனக்கும் வசதியாக இருந்தது.

எண்பத்தேழில், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், ஆபீஸில் வருகைப் பதிவேட்டின் மேலேயே சாய்ந்து இறந்துபோனார். மாரடைப்பு. அவர் மனைவி லூர்துராணி அம்மா நோட்டுகளையும் கால அட்டவணையையும் பலகையையும் என்னிடம் கொடுத்தார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும், நீங்கதான் படிச்சவரு என்றார். நோட்டு முழுவதும் தேடினேன். எழுபத்து நாலாம் வருடப் பக்கத்தில் அந்த ஏழு பூஜ்யமும் மையில் அப்படியே இருந்தன. ஓரத்தில் ஒரு குறிப்புகூட இல்லை.

பலகை இப்போது ஸ்ரீரங்கத்தில் என் அறையில் இருக்கிறது. கடைசிப் பெயருக்குக் கீழே இரண்டு பென்சில் கோடுகள் தெரிகின்றன. அன்று மூக்கன் அண்ணன் அவற்றை அழிக்காமல், மேலே இருந்த இடைவெளியில் அந்தப் பந்துவீச்சாளன் பெயரை எழுதியிருக்கிறார்; அவருக்குப் பிறகு பலகையில் யாரும் எழுதவில்லை. நூல் பிடித்து அளந்து பார்த்தேன். பி. அம்மாசி என்று எழுதச் சரியான நீளம். ராக்கம்மாள் சத்திரத்துக்குப் பக்கத்தில்தான் பூ விற்கிறார். அவரிடம் யாரும் எதையும் கொண்டுபோய்க் காட்டவில்லை.