நான் கட்டிவிட்ட கொலை

நான் துப்பறியும் நாவல் எழுதுகிறவன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் வாரப் பத்திரிகைகளோடு கிளிப் போட்டுத் தொங்குமே, அந்த ரகம். பஸ் ஏறுகிறவர் பழனி போய்ச் சேர்வதற்குள் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட வேண்டும். அதற்கு மேல் நான் ஆசைப்பட்டதில்லை. ஆனால் இன்று என்னால் ஒரு குடும்பம் பிரிந்து கிடக்கிறது.

எங்கள் தெருமுனையில் ஓர் அக்கா இட்லிக் கடை நடத்துகிறார். காலைச் சாப்பாடு எனக்கு அங்கேதான். ரெட்டியார்சத்திரம் பக்கம் விவசாயம் பார்த்த அவருடைய ஒரே அண்ணன் ஓர் ஐப்பசி மழை ராத்திரியில் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து இறந்துபோனார். மோட்டார் பார்க்க இறங்கியவர் படியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று போலீஸ் முடித்துவிட்டது. அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

"மீன் மாதிரி நீந்துற மனுசன் தம்பி. அது எப்படித் தண்ணியில சாவாரு?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நான், "அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்று சட்னி கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட தொழில். அப்படித்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "நல்லா விடியக்கூட இல்ல, மதினி வீட்டாளுக கோடிச் சேலையோட வந்து நிக்குறாக. அம்புட்டு வேகம்."

புருஷன் செத்தால் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கோடி கொண்டுவருவது வழக்கம். அக்கா அதைச் சந்தேகமாகச் சொல்லவில்லை, அங்கலாய்ப்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கை அரித்தது.

அடுத்த நாவலில் அது வந்துவிட்டது. துப்பறிகிறவர்கள் இரண்டு பேர், ஏணி வைத்தாலும் எட்டாத ஜோடி. ஒருத்தி சென்னையில் தடயவியல் படித்த பெண்; ரிப்போர்ட் வராமல் வாய் திறக்க மாட்டாள். இன்னொருவர் பூ மார்க்கெட் தரகர். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு ஆள் முகத்தைப் பார்த்தே முடிவு சொல்பவர். கோடி என்றால் என்னவென்றே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. தரகர்தான் கேட்கிறார்: "கடை தொறக்காத நேரத்துல புதுச் சேலை எப்படிம்மா வந்துச்சு? சாவு வரும்னு தெரிஞ்சவன்தானே முன்கூட்டி எடுத்து வைப்பான்?" அதோடு மனைவியும் அவள் அண்ணனும் மாட்டிக்கொள்கிறார்கள். வாசகர்கள் பிரமாதம் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த மிதப்பில் ஒரு பிரதியை நானே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன்.

மறுநாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இம்புட்டு நாளா என் மண்டையில ஏறல தம்பி. நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க."

"கதைக்கா, நானாக் கட்டுனது" என்றேன். "பயப்படாதீங்க. நீங்கதான் சொன்னீங்கன்னு யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அன்றைக்கே மதினிக்குப் போன் போட்டு, கோடியைப் பற்றிக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டுவிட்டாராம். அதோடு பேச்சுவார்த்தை முறிந்தது.

பிறகு அண்ணன் மகளுக்குக் கல்யாணம் கூடியது. அப்பா இல்லாத பெண். அப்பா வழிச் சொந்தமாக மேடையில் நிற்க இந்த ஒரே அத்தையை விட்டால் ஆள் இல்லை. அந்தப் பெண்ணே கடைக்கு வந்து பத்திரிகை வைத்து, "நீங்க வரணும் அத்தை" என்று அழுதது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு மாவைக் கலக்கினார். நான் பக்கத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

பொறுக்க மாட்டாமல் டவுன் பஸ் ஏறி அந்த மதினியைப் பார்க்கப் போனேன். கல்யாண வீட்டுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார்கள். எழுதியது நான்தான் என்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம்.

"தீபாவளிக்குன்னு எங்கண்ணன் எடுத்து வச்சிருந்த சேலை தம்பி அது. மாம்பழக் கலரு, நானே ஆசப்பட்டுக் கேட்டது. கடையெல்லாம் பூட்டிக் கெடக்கு, கோடி இல்லாம வரக் கூடாதேன்னு அதையே தூக்கிட்டு வந்துருச்சு. அதத்தான் என் மேல போத்துனாக."

பிறகு அவரே, "இத அவுகளுக்குச் சொல்லுங்க. என் போனை எடுக்க மாட்டேங்குறாக" என்றார்.

வந்த வேகத்தில் அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னேன். என் தரகரால்கூட யோசிக்க முடியாத உண்மை அது. அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டார். கண்கூடக் கலங்கியது. அப்பாடா என்று நினைத்தேன்.

"நல்லாருக்கு தம்பி. அடுத்த புத்தகத்துல வைங்க" என்றார்.

கல்யாணத்தன்று கடை வழக்கம்போலத் திறந்திருந்தது. முகூர்த்த நேரத்தில் அக்கா இட்லி எடுத்துக்கொண்டிருந்தார். "போய்ட்டு வாங்கக்கா, உங்க கால்ல விழுறேன்" என்றேன். அவர் காதிலேயே வாங்கவில்லை.

"எங்கண்ணனுக்காகப் பேச இந்த ஊருல நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்க தம்பி" என்று சொல்லி, என் தட்டில் இன்னும் இரண்டு இட்லி வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு தின்றேன்.