காலி ரோட்டில் மெதுவாக

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது நெட் இழுத்துக்கொண்டு நின்றால், பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் போனில் டேட்டாவை அணைத்துவிடுவார்கள். வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று ஜமுனாமரத்தூருக்கு வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். "மீட்டிங்ல கீறியாம்மா? நாங்க ஆஃப் பண்ட்டோம், நீ பேசு" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். நல்ல மனசுதான். ஆனால் நெட்டில் நெரிசலே கிடையாதே, தாயே! போன் ஒரு டவரை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறது, பதில் தாமதமாகிறது, அவ்வளவுதான்.

என் பிழைப்பே இந்தத் தப்புக்கணக்கோடுதான். அனுப்பியதற்கு 'கிடைத்தது' என்று பதில் வர நேரமானால், அனுப்பும் கணினி வழியில் நெரிசல் என்று முடிவுகட்டி வேகத்தைச் சுருக்கிக்கொள்ளும். பிறகு பதில் வந்து சேரும். எதுவும் தொலையவில்லை என்று தெரிந்தும், காலி ரோட்டில் பயந்தாங்கொள்ளி வண்டி ஓட்டுவது போல மெள்ள மெள்ளத்தான் வேகத்தை ஏற்றும். பழைய வேகத்தை நினைவில் வைத்திருந்து நேராக அதற்கே திரும்ப வைப்பதுதான் எங்கள் குழு எழுதிக்கொண்டிருந்த மென்பொருள் திருத்தம்.

அந்த வேலைக்கு நடுவில் என் கணவர் இறந்துபோனார். எனக்கு அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை. சோறு மண்ணாக இருந்தது, தின்றேன். சென்னையில் இருக்கும் தங்கை தினமும் சாயங்காலம் சமைத்துக்கொண்டே கூப்பிடுவாள். அந்த நாட்களில் நான் எடுக்கவில்லை. அவளும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டாள். நான் மறுபடி எடுக்க ஆரம்பித்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அதுவும் "தொந்தரவு பண்றனாக்கா?" என்ற கேள்வியோடு. இல்லை என்பேன். அடுத்த ஞாயிறு வரை போன் சும்மா கிடக்கும். இவளும் ஓய்ந்துவிட்டால் எனக்குப் பேச ஆளில்லை என்று தெரிந்தது. தெரிந்ததே தவிர வலிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சோதனையில் எங்கள் திருத்தம் ஓடியது. திரையில் வேகத்தைக் காட்டும் கோடு சரிந்தது, தாமதமான பதில் வந்ததும் நேராகப் பழைய உயரத்துக்கே எழுந்தது. குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் லேப்டாப்பை மூடிவிட்டு, தங்கை சமைக்கும் நேரம் பார்த்து அவளைக் கூப்பிட்டேன்.

"இன்னாக்கா, இன்னா ஆச்சு?" பதறினாள்.

"ஒன்னும் ஆவல. இன்னா கொழம்பு இன்னிக்கு?"

சத்தமே இல்லை. நெட் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். சிக்னல் இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"கத்திரிக்கா காரக்கொழம்பு" என்றாள், மூக்கை உறிஞ்சியபடி. "இப்பதான் தாளிச்சேன்."

எனக்குப் பசித்தது.